எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் என்றால், நரம்புச் செல் மட்டும் எப்படி வேறுபடுகிறது?

எந்த மரபணு இயங்குகிறது, எது உறங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. இதைக் கண்ணெதிரே காட்டுவது சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு. ஆணும் பெண்ணும் ஒன்றேயான இருபால் புழுவுக்கு மொத்தமே 302 நரம்புச் செல்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-இலேயே வெளிவந்துவிட்டது.

அவற்றில் ஆறு மட்டும் மென்மையான தொடுதலை உணர்பவை. சோதனைக் கருவி என்ன தெரியுமா? குச்சியில் ஒட்டிய புருவ முடி! அந்த முடியால் தலைப்பக்கம் வருடினால் புழு சட்டென்று பின்வாங்கும். இந்த ஆறு செல்களிலும் அன்க்-86 என்ற புரதம் மெக்-3 மரபணுவை முடுக்கிவிடுகிறது. பிறகு அந்தப் புரதமும் மெக்-3 தரும் புரதமும் கைகோத்து, தொடுவுணர்வுக்கு வேண்டிய மற்ற மரபணுக்களை இயக்குகின்றன. மெக்-3 பழுதானால் செல்கள் பிறக்கின்றன, ஆனால் தொழில் கற்பதில்லை. முடியால் எத்தனை முறை வருடினாலும் புழு தன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டேயிருக்கும்.