குரோம் துருவும் நீர்க்கறையும்: மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கேள்வி பதில்

முலாம் பூசும் பட்டறையிலும் வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கும் வேலையிலும் நீண்ட காலம் இருந்த உறுப்பினர் ஒருவர், மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஐயா, என் பழைய புல்லட்டின் மட்கார்டிலும் ஹேண்டில்பாரிலும் பழுப்பு நிறப் புள்ளிகள் வந்துள்ளன. எவ்வளவு துடைத்தாலும் சில வாரங்களில் அதே இடத்தில் திரும்ப வருகின்றன. குரோம் துருப்பிடிக்காது என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: உண்மையில் குரோம் துருப்பிடிக்கவில்லை, அதன் அடியில் இருக்கும் இரும்புதான் துருப்பிடிக்கிறது. இரும்பின் மேல் முதலில் நிக்கல் முலாம் ஏற்றி, அதன் மேல்தான் குரோம் ஏற்றுவார்கள். நிக்கல் அடுக்கு பொதுவாக 10 முதல் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். நம் கண்ணைப் பறிக்கும் அந்தக் குரோம் அடுக்கோ பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டுவதில்லை. இந்த அடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் கல் தெறித்த கீறல்களும் உண்டு. கடற்கரை ஊர்களில் காற்றோடு வரும் உப்பு, ஈரத்தில் கரைந்து அந்தத் துளைகளின் வழியே இரும்பைத் தொட்டுவிடுகிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், உள்ளிருந்து முலாமை மேல்நோக்கித் தள்ளி, நாளடைவில் பொருக்காக உரித்துவிடும். ஆகவே புள்ளியாக இருக்கும்போதே கவனிப்பது நல்லது.

முதலில் வண்டியைக் கழுவி, மணலும் தூசியும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளில் உள்ளங்கை அளவு கிழித்து, கசக்கி, தண்ணீரில் நனைத்து, புள்ளியின் மேல் அழுத்தாமல் சிறு வட்டமாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிகவும் மென்மையானது என்பதால் முலாமைக் கீறாது; ஆனால் துருவை எடுக்க அது போதும். சற்று நேரத்தில் சாம்பலும் பழுப்பும் கலந்த குழம்பு ஒன்று திரளும். அதை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் ஊசிமுனை அளவு கறுப்புக் குழி மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் குழி இனி மறையாது, அதன் வழியே மறுபடியும் ஈரம் இறங்கும். அதே இடத்தில் துரு திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான். எனவே நன்றாக உலர்த்தியபின் குரோம் பாலிஷ் போட்டு, அதன் மேல் மெழுகு பூசித் துளையை அடைக்க வேண்டும். உங்கள் ஊரில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இந்த மெழுகைப் புதுப்பிப்பது அவசியம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் பச்சை நாரையும் அருகிலேயே கொண்டுவராதீர்கள். முலாம் ஏற்கெனவே உரிந்திருந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. பழைய முலாமை முழுவதும் நீக்கி, பஃபிங் செய்து (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி), புதிதாக நிக்கலும் குரோமும் ஏற்றுவதே தீர்வு.

கேள்வி (மதுரை): கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொட்டுத் துடைத்தால் துரு ஒரே நிமிடத்தில் போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முலாம் பட்டறையில் பழைய குரோமைக் கரைத்து எடுக்கவே இந்த அமிலத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதிலிருந்து, அது உங்கள் சைலன்சரை என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். துரு போவது உண்மைதான். கூடவே முலாமும் போகும். அமிலம் எஞ்சின் கவர் போன்ற அலுமினியப் பாகங்களையும் அரிக்கும். கழுவிய பிறகும் துளைகளுக்குள் தங்கும் குளோரைடு, முன்பைவிட வேகமாகத் துருவை வளர்க்கும்.

கேள்வி (அம்பத்தூர்): என் வண்டி கறுப்பு நிறம். வீட்டில் போர் தண்ணீர்தான். கழுவிய பிறகு டேங்க் முழுவதும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரிகின்றன. ஷாம்பு போட்டும் போகவில்லை.

பதில்: அவை அழுக்கல்ல என்பதால்தான் ஷாம்புவுக்குப் போகவில்லை. தண்ணீர் ஆவியாகிப் போனபின் அதிலிருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் அப்படியே படிந்துவிடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. போர் தண்ணீர் பல பகுதிகளில் இந்த மேல் எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. வெயிலில் நிறுத்திக் கழுவினால், துடைப்பதற்குள் சொட்டுகள் காய்ந்து வட்டமாகிவிடும்.

இந்தப் படிவு காரத்தன்மை உடையது. மிதமான அமிலத்துக்குக் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், டேங்க் நன்றாக ஆறியிருக்கும்போது, நனைத்த மைக்ரோஃபைபர் துணியைக் கறையின் மேல் ஒரு நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு தேய்க்காமல் துடைத்தெடுத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வினிகர் குரோம் மீதோ, எஞ்சின் மீதோ வழிந்து நிற்க விடாதீர்கள். வட்டங்கள் மறைந்துவிட்டால் மெழுகு பூசுங்கள், வேலை முடிந்தது. மறையாமல், சாய்வான வெளிச்சத்தில் பள்ளம்போலத் தெரிந்தால், உப்பு கிளியர் கோட்டையே, அதாவது நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சையே, அரித்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் நுண்ணிய பாலிஷால் மேற்பரப்பைச் சமன்படுத்த வேண்டியிருக்கும். ஆனால் கிளியர் கோட்டின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு பாலிஷும் அதில் சிறிதளவைத் தின்றுவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். மாதந்தோறும் ரப்பிங் காம்பவுண்டு (பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேள்வி (அதே உறுப்பினர்): அப்படியானால் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் கழுவலாமா? வீணாகத்தானே போகிறது?

பதில்: நல்ல எண்ணம்தான், ஆனால் வண்டிக்கு ஏற்றதல்ல. குடிநீரிலிருந்து நீக்கப்பட்ட உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேர்கிறது. அது உங்கள் போர் தண்ணீரைவிடக் கடினமானது. அதற்குப் பதிலாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சுத்தமான வாளியில் பிடித்துவையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாகும் நீர் என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இதை ஊற்றினால் போதும்.

கேள்வி (கோவை): வண்டியைக் கழுவிய மறுநாள் பிரேக் டிஸ்க் ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. எண்ணெய் தடவலாமா?

பதில்: டிஸ்க்கில் எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதுவும் படவே கூடாது; பிரேக் பிடிக்காமல் உயிருக்கே ஆபத்தாகும். அது மேலோட்டமான துரு. மெதுவாக ஓட்டியபடி சில முறை பிரேக் பிடித்தால் பேடே அதைத் துடைத்துவிடும். இதே காரணத்தால், வாட்டர் சர்வீஸ் முடித்து வண்டி முழுவதும் டீசல் அடித்துப் பளபளப்பாக்கித் தரும் கடைகளில், டீசல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீசல் ரப்பர் பாகங்களையும் கெடுக்கும், தூசியையும் இழுத்து ஒட்டவைக்கும்.

கேள்வி (திருச்சி): மேட் கறுப்பு வண்டிக்கும் இதே முறைதானா?

பதில்: வினிகர் முறை வரை பொருந்தும். பாலிஷும் சாதாரண மெழுகும் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாக நின்றுவிடும், அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை.

கேள்வி (தூத்துக்குடி): டேங்கின் அடி விளிம்பில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அதன் மேலேயே டச்சப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றிருக்கிறேன் ஐயா.

பதில்: கொப்புளத்தின் உள்ளே துரு இருக்கிறது, மூடினால் அது மூடிய இடத்திலேயே பரவும். கொப்புளத்தைச் சுரண்டி, அதைச் சுற்றி நல்ல பெயின்ட் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளையாக இரும்பு தெரிய வேண்டும். குழிகளில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினால், துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறி நிலைத்துவிடும். அது காய்ந்தபின் எபாக்சி பிரைமர் (இரும்பைக் காக்கும் அடிப்பூச்சு), பிறகு நிறம், கடைசியில் கிளியர் கோட். பிரைமரை ஈரப்பதம் குறைந்த நாளில், தேய்த்த அன்றே அடித்துவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவுகூடத் தாங்காது. முதலில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. அப்போது டேங்கைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கேள்வி (சென்னை): அலுவலகம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர்தான். வண்டி புதிது, தினமும் துடைக்கிறேன். ஆனாலும் சைலன்சரின் பின் முனையில் துரு வருகிறதே?

பதில்: நீங்கள் வெளியே துடைக்கிறீர்கள், ஈரம் உள்ளே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிவருகிறது. குறைந்த தூரப் பயணத்தில் சைலன்சர் முழுவதுமாகச் சூடாவதில்லை என்பதால், அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தேங்கிவிடுகிறது. வாரத்தில் ஒருநாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். சைலன்சரின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை விட்டிருந்தால், சேறு அடைத்திருக்கிறதா என்று பார்த்து மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். வந்துவிட்ட துருவை, முனை ஆறியபின், மேலே சொன்ன அலுமினியத் தாள் முறையிலேயே எடுத்துவிடலாம்.