ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டால் வழக்குத் தொடர முடியாதா?

கேள்வி: எனக்கு வயது 49. மதுரையில் தனியார் பள்ளி ஆசிரியை. கண்ணோரச் சுருக்கங்களுக்கு லேசர் சிகிச்சை என்று ஒரு தோல் அழகு மையத்தில் ஆறு முறைக்குச் சேர்த்து 72,000 ரூபாய் முன்கூட்டியே கட்டினேன். இரண்டாவது முறை தாங்க முடியாத எரிச்சல். கருவியை இயக்கியவர் ஓர் இளம்பெண். மருத்துவரை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் கன்னங்களில் கொப்புளம். 14 மாதங்கள் ஆகியும் செவ்வகம் செவ்வகமாகக் கருந்தழும்புகள் மறையவில்லை. பணத்தைக் கேட்டால், “எல்லா விளைவுகளுக்கும் நீங்களே பொறுப்பு என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள்; பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறது” என்கிறார்கள். ஆங்கிலப் படிவம், படிக்க நேரம் தரவில்லை. வீட்டிலோ, “இந்த வயதில் இது தேவையா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள்” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வீட்டார் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள், சகோதரி. இந்தப் பேச்சுக்கு அஞ்சிப் பலரும் வாய்மூடி இருந்துவிடுவதுதான் இத்தகைய மையங்களுக்குத் துணிச்சல் தருகிறது. அழகுக்காகச் செய்துகொண்டீர்கள் என்பதற்காகச் சட்டம் உங்களை ஒரு படி கீழே வைப்பதில்லை. கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

இனி அந்தக் கையெழுத்து. ஒப்புதல் என்பது, என்ன செய்யப்போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைத் தெரிந்துகொண்டு தருவது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எங்கோ ஒருவருக்கு நேரக்கூடிய அரிய ஆபத்துகளையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆனால் உங்களுக்கு நேர்ந்தது அரிய ஆபத்து அன்று. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறமி அதிகம். நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாவதால், ஆற்றலின் அளவு சற்றுக் கூடினாலும் தோல் வெந்து கருத்துப்போகும். முதலில் ஒரு சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பது இதற்காகத்தான். இதை யாரும் உங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை என்றால் அந்தத் தாளுக்குப் பெரிய மதிப்பில்லை. சொல்லியிருந்தாலும்கூட, நீங்கள் ஒப்புக்கொண்டது முறையான சிகிச்சையின் பக்கவிளைவுக்கே தவிர அவர்களுடைய கவனக்குறைவுக்கு அன்று.

உங்கள் வழக்கின் உயிர்நாடி, கருவியைப் பிடித்தது யார் என்பது. அந்தப் பெண்ணின் தகுதி என்ன, மருத்துவர் கட்டடத்திலாவது இருந்தாரா என்பவற்றுக்கு மையம் பதில் சொல்லியாக வேண்டும். ஊழியர் செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவரே பொறுப்பு. உங்கள் தழும்புகளின் வடிவமும் முக்கியமான சான்று. செவ்வகத் தழும்பு, கருவியின் முனை பதிந்த தடமாக இருக்கலாம். ‘ஐபிஎல்’ எனப்படும் ஒளித்துடிப்புக் கருவிகளின் முனை பெரும்பாலும் அந்த வடிவில்தான் இருக்கும். அது லேசரே அன்று. லேசர் என்று பணம் வாங்கிக்கொண்டு அதைப் பயன்படுத்தியிருந்தால், நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற குற்றச்சாட்டும் சேரும். குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதே வகைதான். ரசீதில் அச்சடித்த ஒரு வரி அதை மாற்றிவிடாது.

ஒன்றை மட்டும் மனுவில் எழுதாதீர்கள்: “சுருக்கம் போகவில்லை.” எதிர்பார்த்த பலன் கிடைக்காதது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. அதைப் பெரிதுபடுத்தினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

உடனே செய்ய வேண்டியது, சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு எழுத்து மூலம் கடிதம் அனுப்புவது. கருவியின் பெயர், வைத்த ஆற்றல் அளவு, இயக்கியவர் பெயர், மருத்துவரின் பதிவு எண் எல்லாவற்றையும் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தராவிட்டால் அதுவே உங்களுக்கு ஓர் ஆதாரம். அடுத்து, அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவில் முகத்தைக் காட்டி, தழும்பின் காரணத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கொப்புளம் வந்த நாட்களின் படங்கள் இருக்கும் கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். மூலப்படம் அதில்தான் இருக்கிறது.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். 14 மாதங்கள் போய்விட்டன. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று காத்திருக்காமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யுங்கள். மையம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கட்டிய பணம், பிறகு ஆன மருத்துவச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள்.

காவல் நிலையத்துக்கும் போகலாமா என்று நினைப்பீர்கள். முகத்தில் நிரந்தர விகாரம் ஏற்படுத்துவது சட்டப்படி கொடுங்காயம்தான். ஆனால் பதிவு பெற்ற மருத்துவர் மீது வழக்குப் பதிய, முதலில் மற்றொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைக் காவல்துறை பெற வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே முதலில் நுகர்வோர் ஆணையம். பதிவேடு கைக்கு வந்தபின் மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அந்த மையத்தில் பதிவு பெற்ற மருத்துவரே இல்லை என்று தெரியவந்தால் நிலைமை வேறு: மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடமும் காவல்துறையிடமும் அன்றே புகார் கொடுங்கள்.

வக்கீல் கட்டணம் பற்றிக் கவலை இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் நியமிப்பார்கள்.