லேடெக்ஸ் அலர்ஜியால் நாள்பட்ட தடிப்பு வருமா?

ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறது, சில மாதங்களாக உடம்பெங்கும் தடிப்பும் வந்து வந்து போகிறது, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்குத் தொடர்பு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இவை தனித்தனிப் பிரச்சினைகள். எனக்கு இரண்டுமே உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். லேடெக்ஸ் அலர்ஜி ரப்பர் பாலிலுள்ள புரதங்களால் வருவது. ரப்பர் பட்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், தடிப்பு கிளம்பிவிடும். விலகியிருந்தால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ரப்பர் பக்கமே போகாத நாட்களிலும் காலையில் தடிப்போடு எழுகிறீர்கள் என்றால் வேறு காரணத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடியில் (இப்படி வந்து வந்து போகும் அரிப்புத் தடிப்புக்குத்தான் அந்தப் பெயர்) பலருக்கு வெளிப்பொருள் எதுவும் காரணமாக இருப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற அலர்ஜி செல்களைத் தூண்டி, அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைச் சுரக்க வைக்கிறது. தைராய்டு கோளாறு கூடவே இருப்பதும் உண்டு.

லேடெக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறைக்கு மாறியதும் எனக்குக் கை அரிப்பு நின்றது. உடம்புத் தடிப்பு நிற்கவில்லை. மருத்துவர், ஹிஸ்டமினைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையின் அளவைக் கூட்டித் தினமும் எடுக்கச் சொன்ன பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. எலாஸ்டிக், செருப்பு, ரப்பர் பேண்ட் என்று வீட்டில் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்துகொண்டு, கிடைக்கக்கூடிய சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இடுப்பு எலாஸ்டிக் இறுக்கிய இடம் சில மணி நேரம் கழித்து வீங்கினால், ரப்பரைவிட அழுத்தத்தால் வரும் காணாக்கடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தொடர்பு நிஜமாகவே இருப்பது யாருக்கு? வேலை நாள் முழுக்க லேடெக்ஸோடு புழங்குபவர்களுக்கு. பவுடர் போட்ட கையுறைகளில் அந்தப் பவுடரோடு புரதமும் காற்றில் பறக்கும், தொடாதவருக்கும் தும்மலும் தடிப்பும் வரும். அமெரிக்காவில் 2017 முதல் அவற்றுக்குத் தடை. விடுமுறையில் உங்கள் தடிப்பு அடியோடு மறைந்து, வேலைக்குத் திரும்பியதும் வருகிறதா? வாழைப்பழம், கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா? அப்படியானால் லேடெக்ஸ்மேல் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொன்று, கையுறை போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துக் கை சிவந்து தோல் உரிந்தால் அது பெரும்பாலும் ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்களால் வருவது. அவை பல நைட்ரைல் கையுறைகளிலும் உண்டு.

சரி, பரிசோதனை. தோலில் குத்திப் பார்க்கும் பிரிக் டெஸ்ட்டுக்குச் சில நாள் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும், மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை. ஆனால் ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தாலே அலர்ஜி என்றாகிவிடாது, அறிகுறியும் பொருந்த வேண்டும். முடிவு தெரியும்வரை பல் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ இருந்தால் லேடெக்ஸ் சந்தேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரப்பர் பட்டபின் மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ, நாக்கோ தொண்டையோ வீங்கினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள்.