ஓடும் பையன் ஏன் சிலையாக நிற்கிறான்?

போட்டோவைப் பார்த்து ஒரு கோடு பிசகாமல் வரைந்தும் ஓடுகிற பையன் ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரி இருக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கையில் தப்பில்லை, எடுத்துக்கொண்ட கணம்தான் தப்பு. ஊன்றிய கால் நேராக இடுப்புக்குக் கீழே, மற்ற முழங்கால் அதை ஒட்டிக் கடக்கிறது; அப்படி ஒருவன் கொஞ்ச நேரம் சும்மாவே நிற்கலாம், அப்புறம் மூளை எதற்கு அதை ஓட்டம் என்று நம்பும்?

2000-இல் கூர்ட்ஸி, கான்விஷர் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், நிஜ அசைவுக்கு வேலை செய்யும் மூளைப் பகுதி, விளையாட்டு வீரர்கள் பாய்கிற, எறிகிற அசையாப் படங்களுக்கும் கூடுதலாக வேலை செய்தது, சும்மா இருக்கும் ஆட்களின் படத்துக்கு அவ்வளவு இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை மூளை தானே ஓட்டிப் பார்த்துக்கொள்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த 'அடுத்து' உங்கள் படத்தில் இல்லை. பின்கால் விரல்நுனியால் தரையைத் தள்ளிப் பிரிகிற கணத்தை எடுங்கள், உடம்பு முன்னால் சாய்ந்து, அடுத்த கால் வராவிட்டால் குப்புற விழுவான் என்கிற மாதிரி. பறக்கிற சட்டை, தலைமுடி எல்லாம் அதற்குப் பிறகு.

போட்டோவில் இருப்பதுதானே உண்மை என்பீர்கள். சரி, பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த பந்தயக் குதிரைகள் நாலு காலையும் நீட்டிப் பறக்கின்றன. 1878-இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை எடுத்த படங்களிலோ, காற்றில் இருக்கும்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. இருந்தும் என் கண்ணுக்கு ஜெரிக்கோவின் குதிரைதான் வேகம்.