தராசும் எடைக்கல்லும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1995இல் ஐரோப்பா ஏவிய ஐசோ அகச்சிவப்பு விண்கலம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஓரிடம் உறுத்துகிறது. ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் அதன் நிறமாலைமானியை நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்தார்கள் என்கிறீர்கள். அடுத்த பத்தியில், அந்தக் கருவியின் அளவீட்டைக் கொண்டு அதே நட்சத்திரங்களின் வளிமண்டல மாதிரியை, அதாவது அவற்றின் ஒளி எப்படி இருக்கும் என்று சொல்லும் கணக்கை, திருத்தினார்கள் என்கிறீர்கள். எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்து, அந்தத் தராசிலேயே எடைக்கல்லை நிறுத்துப் பார்ப்பதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உறுத்த வேண்டிய இடம்தான். கட்டுரையில் நான் அதை அவசரமாகத் தாண்டிவிட்டேன்.

கையில் ஒரே கல் என்றால் நீங்கள் சொல்வது சரி. இந்த வேலையைச் செய்த, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீன் டெசின் குழுவினரிடம் 16 நட்சத்திரங்கள் இருந்தன. வெண்ணிற வேகாவில் தொடங்கி நம் சுவாதி, ரோகிணி போன்ற குளிர்ந்த ராட்சத நட்சத்திரங்கள் வரை. குளிர்ந்தது என்றாலும் சுவாதியின் மேற்பரப்பு ஏறக்குறைய 4300 கெல்வின். வேகா அதைப்போல இரு மடங்குக்கும் மேல்.

சூட்சுமம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வேகாவின் சூட்டில் மூலக்கூறுகள் தாங்காது. அங்கே முக்கியமாக, ஹைட்ரஜன் ஒளியை விழுங்கிய இடங்களில் விழும் கோடுகள்தான். ரோகிணியிலோ 4 மைக்ரான் பக்கம் சிலிக்கான் மோனாக்சைடும் 4.6 மைக்ரான் பக்கம் கார்பன் மோனாக்சைடும் ஒளியைக் கடித்து வைத்திருக்கும். மாதிரி சொல்வதும் கருவி சொல்வதும் ஓரிடத்தில் ஒத்துப்போகவில்லை என்று வையுங்கள். அதே அலைநீளத்தில் அதே பிசகு எல்லா நட்சத்திரங்களிலும் வந்தால் கருவியைப் பிடிக்க வேண்டும். குளிர்ந்தவற்றில் மட்டும் வந்து, குளிரக் குளிரக் கூடினால் மாதிரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கருவியின் பிசகு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பளிச்சென்ற நட்சத்திரத்தைப் பார்த்த உணரி, அந்த ஒளியைச் சட்டென்று மறக்காது. விளக்கை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நம் கண்ணில் அந்த வெளிச்சம் நிற்கிறதே, அதுபோல. அதனால் அலைநீளங்களை ஏறுமுகமாக ஒருமுறை, இறங்குமுகமாக ஒருமுறை அளந்தார்கள். இரண்டு வளைகோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியவில்லையா, அந்த மேடுபள்ளம் நட்சத்திரத்துடையது இல்லை.

அப்புறம், வெளிச்சாட்சிகளும் இருந்தன. அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்து எடுத்த நிறமாலைகளில் கோடுகள் தனித்தனியாக, மிக நுணுக்கமாகத் தெரியும். ஆனால் பூமியின் காற்றிலுள்ள நீராவி சில பகுதிகளை மறைத்துவிடும். சூரியனை மட்டுமாவது அந்த மறைப்பில்லாமல் பார்க்க, விண்வெளி ஓடத்தில் போன அட்மாஸ் கருவி உதவியது. அதோடு ஒப்பிட்டபோது, அகச்சிவப்பில் எந்த அணு எந்த அலைநீளத்தில் கோடு போடும் என்ற பட்டியலே எவ்வளவு குறைபாடானது என்று தெரிந்தது.

கருவியா, மாதிரியா என்ற இந்த வழக்கைத் தப்பாகத் தீர்த்தால் என்ன ஆகும்? 1963இல் ஸ்ட்ராட்டோஸ்கோப் என்ற பலூன் தொலைநோக்கி நம் திருவாதிரை நட்சத்திரத்தில் நீராவியின் தடத்தைப் பதிவு செய்தது. அவ்வளவு சூட்டில் தண்ணீர் மூலக்கூறு எப்படி இருக்கும், அது கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோஜன் மூலக்கூறின் தடம் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கிவிட்டார்கள். ஐசோவின் நிறமாலைகள் வந்த பிறகு, 2000இல், ஜப்பானின் தகாஷி சுஜி அந்தப் பழைய பலூன் பதிவுகளையே மறுபடி எடுத்துப் பார்த்தார். தண்ணீர்தான். நட்சத்திரத்தின் மேற்பரப்புக்கு வெளியே, அதைவிடக் குளிர்ந்த ஓர் அடுக்கில் அது இருக்கிறது என்றார். வழக்கமான மாதிரிகளில் அப்படியோர் அடுக்கே கிடையாது. பலூன் கருவி சரியாகத்தான் அளந்திருந்தது.

அன்புடன்