பழைய போல்ட் ரைஃபிளில் பிடித்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? விலை போகுமா?

தேய்க்காதீர்கள். அப்பாவோ தாத்தாவோ லைசென்ஸோடு வைத்திருந்ததாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் ராணுவத்தில் 17 வருடம் ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவன். ஊர் திருமங்கலம் பக்கம். சாப்டூரில் இருக்கும் என் மாமனாரிடம் இஷாப்பூர் ஆலையில் செய்த .315 ரைஃபிள் ஒன்று உண்டு. ராணுவ .303-க்கு இருக்கும் அதே லீ-என்ஃபீல்டு போல்ட்தான் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) அதற்கும். .303 தடை செய்யப்பட்ட ரகம், பொதுமக்கள் சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு தேர்தலுக்கு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது செம்மண் பூசினதுபோலத் துரு. மச்சினன் நல்லது செய்கிறோம் என்று லேத் பட்டறையில் கொடுத்து பஃபிங் போட்டுவிட்டான். நான் போய்ப் பார்க்கும்போது எவர்சில்வர் சொம்பு மாதிரி மின்னுகிறது. போல்ட் கைப்பிடி அடியில் இருந்த எண் தப்பித்துவிட்டது. பாடியில் இருந்த எண்ணின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. எண்ணை அழிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாமாவோ, "மாப்ள, அது இன்னும் சுடுமா?" என்று மட்டும் கேட்டார்.

மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரில் சுண்டுவிரலை விட்டுக் காலி என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு குழலுக்குள் கொதிக்கும் தண்ணீர். பழைய தோட்டாக்களின் அடியில் தீப்பொறி கிளப்பும் கேப்பில் இருந்த ரசாயனம் சுட்டதும் உப்பாகப் படியும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். புல்த்ரூவில் (குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) கோத்து இழுத்த முதல் துணித்துண்டு காப்பித்தூள் நிறத்தில் வந்தது. ஐந்தாவது துணிக்கு அப்புறம் வரிப்பள்ளங்கள் தெரிந்தன. வாய்ப்பக்கம் இரண்டு சிறு குழிகள், அவ்வளவுதான். கருப்பு வளையம் ஏதும் தெரிந்திருந்தால் குழல் உப்பியிருக்கிறது என்று அப்போதே மூடி வைத்திருப்பேன்.

போல்ட் எண்ணும் பாடி எண்ணும் ஒன்றா என்று கட்டாயம் பாருங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டாக இருந்தால், தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி கூடிப்போய், சுடும்போது உறை பிளந்து சூடான வாயு முகத்தில் அடிக்கும். அந்த இடைவெளியைக் கண்ணால் அளக்க முடியாது, அதற்கென்று உள்ள அளவுக்கருவி, கேஜ் வேண்டும். மதுரையில் லைசென்ஸ் உள்ள கடைக்கு மாமாவே எடுத்துப்போனார், நான் கூடப் போனேன். கேஜில் தேறியது.

வீட்டில் வைத்துத் துப்பாக்கி கழற்றலாமா என்று யாராவது வருவீர்கள். லைசென்ஸ்தாரர் பக்கத்திலேயே இருந்தார், நான் சுத்தம்தான் செய்தேன். பழுது பார்ப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை. பட்டறையில் கொடுத்ததே தப்பு என்று மச்சினனிடமும் சொல்லிவிட்டேன். விலையும் அந்தக் கடையில்தான் கேட்க வேண்டும். எண்ணும் முத்திரையும் தேய்ந்ததை அவர்கள் கையில்கூட வாங்க மாட்டார்கள்.

ஆனால் துரு எங்கே பிடித்தது? அதை யாரும் கேட்பதில்லை. ஸ்டேஷனில் ஒழுகும் அறையில் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடுத்த தேர்தலுக்குக் கிரீஸ் தடவி, துணி சுற்றிக் கொண்டுபோனோம். ரசீதில் 'துரு இல்லை' என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றேன். எழுத மாட்டோம் என்றுவிட்டார்கள்.