மாதம் 1,300 நைட்டி போகிறது, கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று தையல் மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மிஷின் போட்டு நைட்டி தைத்து, எம்.சி. ரோடு கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறேன். மிஷின்களுக்கு 1,80,000 ரூபாய் ஆனது. ஜிஎஸ்டி சேர்க்காமல் ஒரு பீஸ் 210 ரூபாய். துணி 110 (2.75 மீட்டர்), தையல் கூலி 28, நூல், ஜிப், லேபிள் 6, அயர்ன், பேக்கிங் 5, வண்டிக்கூலி 2, ஆக அடக்கம் 151. மாதச் செலவு: வாடகை 14,000, கட்டிங் மாஸ்டர் 24,000, ஹெல்பர் 13,000, கரண்ட் 5,000. 950 பீஸ் போனால் பிரேக் ஈவன், அதாவது லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று கணக்குப் போட்டேன். 1,300 போகிறது, ஆனால் கையில் ஆயிரம் ரூபாய்தான் மிஞ்சுகிறது. எங்கே தப்பு?

பதில்: வகுத்தது சரி. 56,000 ரூபாய் மாதச் செலவை, பீஸுக்கு நிற்கும் 59 ரூபாயால் வகுத்தால் 950 பீஸ்தான். தப்பு, எதை எந்தப் பக்கம் எழுதினீர்கள், எதை எழுதவே இல்லை என்பதில் இருக்கிறது.

முதலில் பீஸ் கணக்கு. கடைக்காரர் பில்லில் 2 சதவீதம் கழிப்பதாகக் கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அது பீஸுக்கு 4.20. நூற்றுக்கு 4 பீஸ் திரும்பி வந்து 130 ரூபாய்க்குத் தள்ளுகிறீர்கள். ஒன்றுக்கு 80 ரூபாய் நஷ்டம், அதை நூறு பீஸிலும் பரப்பினால் 3.20.

அடுத்தது கரண்ட். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாதம் 5,000 என்று மொத்தமாக நிலைச் செலவில், அதாவது எத்தனை தைத்தாலும் மாறாத செலவில் போட்டுவிட்டீர்கள். ஆனால் மிஷின் ஓடினால்தானே பில் ஏறும். நீங்கள் அனுப்பிய இரண்டு பில்களை எடுத்துக்கொள்வோம். 2,600 பீஸ் தைத்த இரண்டு மாதத்துக்கு 10,000, மந்தமாக 1,600 தைத்த இரண்டு மாதத்துக்கு 7,500. ஆயிரம் பீஸ் வித்தியாசத்துக்கு 2,500 ரூபாய் என்றால் பீஸுக்கு 2.50. தைத்தாலும் தைக்காவிட்டாலும் வருவது மாதம் 1,750 மட்டும். தொழிற்கூடக் கணக்கில் அதிகமாகக் கலங்கிக் கிடப்பது இந்தப் பாதி நிலை, பாதி மாறும் செலவுதான்.

ஆக உண்மை அடக்கம் 160.90. பீஸுக்கு நிற்பது 49.10.

இனி மாதச் செலவு. நீங்கள் காலையிலிருந்து இரவு வரை செக்கிங்கும் வசூலும் பார்க்கிறீர்கள். அதே வேலைக்கு ஆள் வைத்தால் 20,000 கேட்பார். அதை எழுதாத கணக்கு, சம்பளமில்லாமல் உழைக்கச் சம்மதித்த கணக்கு. மிஷின் விலையை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 3,000. மாஸ்டருக்கும் ஹெல்பருக்கும் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் தருவதால் மாதம் சுமார் 3,100. உங்கள் 7,000 ரூபாய்க் கடன் தவணையில் வட்டி 2,000 மட்டுமே செலவு; மீதி 5,000 அசல், பிரேக் ஈவனில் வராது. ஆனால் பணமாக வெளியே போகும்.

வாடகை, சம்பளம், கரண்டின் நிலைப் பகுதி எல்லாம் சேர்த்து மாதம் 80,850. அதை 49.10 ஆல் வகுத்தால் 1,647 பீஸ்.

நீங்கள் விற்பது 1,300. குறைகிற 347 பீஸும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் கழிகிறது: 20,000 வர வேண்டிய இடத்தில் 2,980. அத்துடன் மிஷினுக்கென்று எழுதிய 3,000 இப்போது கையைவிட்டுப் போகாத பணம், அதைக் கூட்டி அசல் 5,000-ஐக் கழித்தால் 980 ரூபாய். நீங்கள் சொன்ன ஆயிரம் ரூபாய் இதுதான்.

அப்படியானால் 1,647 தைத்துவிடலாமா? மூன்று டெய்லர்கள் ஆளுக்கு நாளுக்கு 22 வீதம், 26 நாள் முழுசாகத் தைத்தால்தான் 1,716. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்று நாலு நாள் வண்டி வராவிட்டால் போயிற்று. நாலாவது டெய்லரைச் சேர்த்தால் மிஷின், இடம் என்று நிலைச் செலவே ஒரு படி ஏறும். பிரேக் ஈவன் புள்ளியும் கூடவே நகரும். எண்ணிக்கையைத் துரத்துவது உங்களுக்கு வழியல்ல.

துணியிலிருந்து தொடங்குங்கள். மார்க்கரை, அதாவது துணிமேல் வெட்டுக்கு வரையும் அமைப்பை நெருக்கி, எல்லா சைஸையும் ஒரே விரிப்பில் கலந்து வெட்டி, பீஸுக்கு 10 சென்டிமீட்டர் மிச்சம் பிடித்தால் 4 ரூபாய். புள்ளி 1,523-க்கு இறங்கும். கோடவுன் தெருவில் துணி எடுக்கும்போது மீட்டர் விலையோடு பன்னாவையும், அதாவது துணியின் அகலத்தையும் அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் குறைந்தாலும் மார்க்கர் நீளும். அடுத்தது விலை. 10 ரூபாய் ஏற்றினால் கழிவும் திரும்பும் பீஸும் போக 9.40 நிற்கும், புள்ளி 1,383. இரண்டும் சேர்ந்தால் 1,294. இப்போதைய விற்பனையிலேயே உங்கள் சம்பளம் முழுசாக வந்துவிடும். மாறாக, கடைக்காரர் கேட்கிறாரே என்று 5 ரூபாய் குறைத்தால் 1,821 பீஸ் தைக்க வேண்டும். அத்தனை தைக்க உங்கள் மிஷினால் முடியாது. பேரம் பேசும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும்.

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஓடும் சரக்கு, மார்கழியில் ஓடாது. அதனால் ஒரு மாதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்றைய விலையில் வருடத்துக்கு 19,760 பீஸ் என்று வைத்து, மாதாமாதம் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

கடன் சரக்கு வேறு விஷயம், பிரேக் ஈவன் அதைக் காட்டாது. இரண்டு மாதக் கடன் என்றால் 5,46,000 ரூபாய் எப்போதும் கடைகளில் கிடக்கிறது. சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் உற்பத்தி யூனிட்டாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் வந்தாக வேண்டும் என்பது சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, தாமதித்தால் அந்தக் கொள்முதலைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். முழுக் கணக்கு எழுதும் பெரிய கடைகளின் ஆடிட்டர்கள் மார்ச் மாதத்தில் இதைக் கவனிப்பார்கள். பில்லில் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சடித்துக் கொடுங்கள்.